மொட்டைமாடியில் கட்டப்போகும் கயிற்றின் கதை

வெளிச்சுவர் பெயிண்ட் வேலை தொடங்கும் முன் மொட்டைமாடி ஓரத்தில் ‘லைஃப்லைன்’ போட வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் பேச்சு வந்தது. வேலை செய்பவர் தன் பெல்ட் கொக்கியை மாட்டிக்கொண்டு அங்கும் இங்கும் நகர, படுக்கைவாட்டில் கட்டும் கம்பிக் கயிறு அது. “ஒரு கயிறு கட்ட இவ்வளவு செலவா? இழுத்துக் கட்டினால் ஆச்சு!” என்று ஒருவர் கேட்டார். அந்த ‘இழுத்துக் கட்டுவதில்’தான் விஷயமே இருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக்காரர்களுக்கு உயரத்தில் வேலை புதிதல்ல. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் எழுப்பிய விமானம் ஏறத்தாழ 55 மீட்டர். ஆயிரம் வருடங்களாக நிற்கிறது. பனையேறிகள் காலில் தளைநார் மாட்டி ஏறியதை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்போம். அந்தத் தளைநார் ஏறுவதற்குத்தான் துணை, வழுக்கினால் பிடித்து நிறுத்தாது. பிறகு சிமெண்ட் வந்தது. 1939-ல் பக்கத்திலுள்ள டால்மியாபுரத்தில் ஆலை. 1979-ல் அரியலூரிலேயே அரசு சிமெண்ட் ஆலை. அடுத்தடுத்து தனியார் ஆலைகள். பஸ்ஸில் போகும்போது தூரத்தில் தெரியும் அந்த உயரமான கோபுரங்களில் ஆள் ஏறிப் பராமரிக்காமல் ஒரு ஆலையும் ஓடாது.

விழுபவரைப் பிடிக்க ஏற்பாடு வேண்டும் என்ற எண்ணம் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்த இடங்களில் ஒன்று சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம். 1933-ல் வேலை தொடங்கியது. தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாலத்துக்கு அடியில் நீளமாக வலை கட்ட வைத்தார். அதில் விழுந்து 19 பேர் பிழைத்தார்கள். ‘நரகத்துக்குப் பாதி வழி சங்கம்’ என்று தங்களுக்குத் தாங்களே பெயரும் வைத்துக்கொண்டார்கள்! ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று சாரம் ஒன்று அறுந்து அதே வலை மேல் விழுந்தது. மனிதரைத் தாங்கக் கட்டிய வலை, டன் கணக்கில் எடையுள்ள சாரத்தைத் தாங்கவில்லை. கிழிந்துபோய், 10 பேர் இறந்தார்கள். வலை இருக்கிறதா என்று கேட்டால் போதாது, எவ்வளவு விசைக்கு என்றும் கேட்க வேண்டும்.

நம் கயிற்றுக்கு வருவோம். எஃகு கம்பிக் கயிற்றின் முன்னோடி 1834-ல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் பிறந்தது. தூக்கும் சங்கிலிகள் அடிக்கடி அறுந்ததால் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கினார். அதற்கும் முன்பே, 1819-ல், வில்லியம் ஹியூவெல் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் தன் இயக்கவியல் நூலில் ஒன்றைச் சொல்லியிருந்தார்: எவ்வளவு விசை கொடுத்து இழுத்தாலும் ஒரு கயிற்றைத் துளித் தொய்வும் இல்லாமல் கிடைமட்டமாக நிறுத்த முடியாது.

இது நம் வீட்டுத் துணிக்கொடியிலேயே தெரியும். 4 மீட்டர் கொடியின் நடுவில் 4 கிலோ ஈரப் போர்வையைப் போடுகிறோம். கொடி 20 செ.மீ. தொய்ந்தால் ஒவ்வொரு முனை ஆணியையும் சுமார் 20 கிலோ இழுக்கும். விறைப்பாகக் கட்டி 5 செ.மீ. மட்டும் தொய்ந்தால் அதே போர்வை 80 கிலோ இழுக்கும்! ஆணி பிடுங்கிக்கொண்டு வருவது போர்வையின் எடையால் அல்ல, நம் இறுக்கத்தால். கணக்கு எளிது: எடையை நீளத்தால் பெருக்கி, தொய்வின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும்.

போர்வையின் இடத்தில் விழும் ஆளை வையுங்கள். அதிர்வைக் குறைக்கும் ‘ஷாக் அப்சார்பர்’ இருந்தும் சுமார் 600 கிலோ விசை வரலாம். 10 மீட்டர் கயிறு அரை மீட்டர் தொய்ந்தால் முனைக்கு 3 டன்; கால் மீட்டர்தான் தொய்ந்தால் 6 டன். நம் மாடியின் நாலரை அங்குலக் கைப்பிடிச்சுவரோ தண்ணீர்த் தொட்டிக் குழாயோ இதைத் தாங்காது. தூணோடு சேர்ந்த கான்கிரீட்டில்தான் ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும். செலவில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. கயிற்றின் விலை கொஞ்சம்தான்.

அதற்காகத் தொங்கலாகவும் விடக்கூடாது. தொய்வு கூடினால் விழும் தூரமும் கூடும். இணைப்புக் கயிறு, அப்சார்பர் விரியும் நீளம், ஆளின் உயரம், தொய்வு எல்லாம் சேர்த்தால் கீழே ஆறு மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். முதல் மாடி சன்ஷேடில் நிற்பவருக்கு இந்தக் கயிறு பயன்படாது, அவர் அதற்குள் தரையைத் தொட்டுவிடுவார். ஆகவேதான் டர்ன்பக்கிளைத் திருகி முறுக்கேற்றும்போது தயாரிப்பாளர் சொன்ன அளவில் நிறுத்த வேண்டும். இரண்டு திருகு கூடப் போட்டால் நல்லது என்பது மெக்கானிக்கின் பழக்கம். இங்கே அது ஆகாது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் உயரத்தில் வேலை செய்பவருக்கு வேலி அல்லது வேறு பாதுகாப்பு வேண்டும் என்ற விதி 1976 திருத்தத்தில்தான் சேர்ந்தது. கட்டடத் தொழிலாளருக்கென்று தனிச்சட்டம் 1996-ல். அமெரிக்காவில் கூட இடுப்பு பெல்ட்டை மட்டும் நம்பி விழுவதற்கு 1998 ஜனவரி முதல்தான் தடை வந்தது. இடுப்பில் ஏறும் அதிர்ச்சி உள்ளுறுப்புகளைக் காயப்படுத்தும் என்பதால் முழு உடல் ஹார்னஸ் கட்டாயமானது. படுக்கைவாட்டு லைஃப்லைனைத் தகுதியுள்ளவர் மேற்பார்வையில், இருமடங்கு பாதுகாப்புக் கணக்கோடு அமைக்க வேண்டும் என்பதும் அந்த நாட்டு விதிகளில் உண்டு. நம் ஊரில் இன்றும் பெயிண்டர் இடுப்பில் ஒரு கயிறு, மறுமுனை ஏதோ ஒரு குழாயில்.

மாடிக்குப் போகும் உறுப்பினர்கள் ஒன்றைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கயிற்றின் முனையை மடித்துக் கிளாம்ப் போட்டிருப்பார்கள். அதில் யு வடிவக் கம்பி மடித்து வந்த குட்டை முனையின் மேலும், தட்டையான அடிப்பாகம் பாரம் தாங்கும் நீளக் கயிற்றின் மேலும் இருக்க வேண்டும். மாறியிருந்தால் யு கம்பி நீளக் கயிற்றை நசுக்கி அதன் பலத்தைக் குறைத்துவிடும். எல்லா கிளாம்ப்பும் ஒரே பக்கம் பார்த்திருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

ஒப்பந்ததாரரிடம் ஆங்கர் எந்தத் தூணில், எத்தனை மீட்டர் இடைவெளியில், எவ்வளவு தொய்வுக் கணக்கில் என்று வரைபடம் கேட்டிருக்கிறோம். வந்ததும் அலுவலகப் பலகையில் ஒட்டுகிறோம். கையெழுத்துப் போடும் பொறியாளர் பெயர் அதில் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவோம்.