சிறு குரலும் பெருமேடைப் பாட்டும்

நாடக மேடைக்கென எழுதப்படும் பாட்டுக்கு ஆயுள் குறைவு. இறுதித் திரை வீழ்ந்து, காட்சித் தட்டிகள் கழற்றப்பட்டு, வேடம் பூண்டோர் வேறு வேலை தேடிப் புறப்படும் நாளில், அந்தப் பாட்டும் தான் பிறந்த கதையை இழந்து அநாதையாகின்றது. எந்தப் பாத்திரம் பாடியது, யாரை நோக்கிப் பாடியது, எந்தச் சினத்தில் அல்லது எந்த ஏக்கத்தில் பாடியது என்பனவெல்லாம் மறைந்துவிட, ஒரு மெட்டும் சில சொற்களுமே எஞ்சி நிற்கும். நியூயோர்க் நகரத்துப் பிராட்வே அரங்குகளில் 1920க்கும் 1960க்கும் இடையே இவ்வாறு அநாதைகளாகிய பாட்டுகள் எண்ணிறந்தன. அவற்றுட் சிலவே பிற்காலத்தவர் நாவில் நிலைத்தன. அவற்றை 'ஸ்டாண்டர்ட்' என்று அழைப்பர். எவரும் எக்காலத்தும் எடுத்துப் பாடத்தக்க நிலைப்பாட்டு என்பது அதன் பொருள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் மேடையிலிருந்து பெயர்த்தெடுத்து வேறோரிடத்தில் நட்டு வளர்த்ததனாலேயே அவை பிழைத்தன. அவ்வாறு நட்டு வளர்த்தோருள் பிளாசம் டியரி அம்மையார் கையாண்ட முறை தனித்தது.

பிளாசம் என்றால் மலர்; டியரி என்பது அன்பே என்று விளிப்பது போல ஒலிக்கும். மேடைக்கென்று புனைந்து கொண்ட பெயரோ என ஐயுறத் தோன்றும். ஆயினும் அது பெற்றோரிட்ட பெயரே. மார்கிரீத் பிளாசம் டியரி 1924ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28ஆம் நாள் நியூயோர்க் மாநிலத்தின் ஈஸ்ட் டேர்ஹம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே பியானோ பயின்றார். பாடகியாவதற்கு முன் அவர் பியானோ வாசிப்பவர் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். அவருடைய பாட்டின் நுட்பமெல்லாம் அந்த விரல்களிலிருந்தே தொடங்குகின்றது. 1940களில் நியூயோர்க் நகரம் வந்து குழுப் பாடகருள் ஒருவராகப் பாடினார். 1952இற் பாரிஸ் சென்று, 'புளூ ஸ்டார்ஸ்' என்னும் குரலிசைக் குழுவை அமைத்தார். பெல்ஜியம் நாட்டு ஜாஸ் கலைஞரான பொபி ஜாஸ்பரை மணந்ததும் அக்காலத்திலேதான். வேர்வ் என்னும் இசைத்தட்டுக் கம்பனியை நடத்திய நோர்மன் கிரான்ஸ் பாரிஸில் அவர் பாடக் கேட்டு ஒப்பந்தம் செய்துகொள்ள, 1956இல் அவர் தாயகம் மீண்டார்.

அம்மையாரின் குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. அது மிகச் சிறிய குரல், மெல்லியது, உயர்ந்த சுருதியிற் குழந்தையின் பேச்சை ஒத்து ஒலிப்பது. பிராட்வே அரங்கிலோ அக்காலத்து நடிகையர் ஒலிபெருக்கியின் துணையின்றி, இருபது முப்பது வாத்தியங்களின் முழக்கத்தை மீறிக் கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கும் கேட்கும்படி பாடவேண்டியிருந்தது. அத்தகைய தொண்டைக்கென அளந்து தைத்த பாட்டுகளை இச்சிறு குரல் எவ்வாறு தாங்கும்?

இதற்கு விடை தந்தவை இரண்டு கருவிகள். முதலாவது ஒலிவாங்கி. 1925இல் மின்சார முறையில் ஒலிப்பதிவு செய்யும் வழக்கம் வந்தபின், முணுமுணுப்பும் மூச்சும் தட்டிலே பதியலாயின. வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்திருப்பவரிடம் உரக்கக் கூவவேண்டிய தேவை பாடகருக்கு இல்லாமற் போயிற்று. இரண்டாவது 1948இற் கொலம்பியா கம்பனி வெளியிட்ட நீண்ட நேர இசைத்தட்டு. பழைய தட்டு ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடியது. அத்தட்டுகள் பலவற்றைப் புகைப்பட ஏடு போன்ற உறைகளிற் சேர்த்துக் கட்டி விற்றமையால் வந்ததே 'ஆல்பம்' என்னும் பெயர். புதிய தட்டோ ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேலும் ஓடியது. ஒரே பாடலாசிரியரின் பாட்டுகளை, அல்லது ஒரே வகைப் பாட்டுகளை, ஒரு நூலைப் போலத் தொகுத்துத் தர அதுவே வழி செய்தது. 1956இற் கிரான்ஸ் இவ்வழியிலே எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைக் கொண்டு கோல் போர்ட்டரின் பாட்டுத் தொகுப்பை வெளியிட்டுப் பெரும் வெற்றி கண்டார். அது பெரிய வாத்தியக் குழுவும் பெரிய குரலும் சேர்ந்த அரசவைக் கோலம். அதே ஆண்டில் அதே கம்பனிக்காக டியரி தம் முதற் பாட்டுத் தட்டைப் பதிவு செய்தபோது, கிற்றார், பாஸ், முரசு, தமது பியானோ ஆகிய நான்கோடு அமைந்தார்.

அவர் செய்தது என்ன என்பதை ஒரு பாட்டைக் கொண்டு காணலாம். 1943ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆம் நாள் அரங்கேறிய 'ஒக்லஹோமா!' நாடகத்தில், கேர்லி என்னும் மாட்டிடையன் லோரி என்னும் பெண்ணைக் குஞ்சக் கூரை போட்ட குதிரை வண்டியில் விருந்துக்கு அழைத்துச் செல்வதாகக் கூறும் பாட்டொன்று உண்டு. ரிச்சர்ட் ரொஜேர்ஸ் அமைத்த மெட்டிலே ஒரே சுரம் திரும்பத் திரும்ப ஒலித்துக் குதிரைக் குளம்படியைக் கண்முன் நிறுத்தும். பாடகர் பலர் அக்குளம்படியிலேயே மயங்கித் துள்ளலாகப் பாடுவதுண்டு. ஆனால் ஒஸ்கார் ஹாமர்ஸ்டைன் எழுதிய சொற்களை இறுதிவரை படித்துப் பார்ப்பவர், மூன்றாம் சுற்றிலே இரவு முதிர்ந்து, குதிரை தளர்ந்து, பெண் தோளிற் சாய்ந்து உறங்க, வண்டி வீடு திரும்பும் காட்சி வருவதைக் காண்பர். பாட்டு முடிந்தபின் வண்டியே கற்பனை என்று அவன் கூறுகிறான். டியரி 1958இற் பதிவு செய்த 'வன்ஸ் அப்பொன் எ சமர்டைம்' என்னும் தட்டிலே இப்பாட்டை மிக மிக மெதுவாகப் பாடினார். துள்ளல் போய்விட்டது, இல்லாத வண்டியை எண்ணி ஏங்கும் ஒருவரின் கனவே எஞ்சியது. நாடகாசிரியர் கதைக்குள் ஒளித்து வைத்த சோகத்தைக் கதை கழன்ற பின்பும் காப்பாற்றிய வித்தை இது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே அவர் விடும் வெளியிற் பியானோ ஒன்றிரண்டு சுரக்கூட்டுகளை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக் கொள்கிறது. பாடுபவரும் வாசிப்பவரும் இருவராக இருந்தால் இவ்வளவு மெதுவாகச் செல்லத் துணிவது அரிது. ஒருவர் மற்றவருக்காகக் காத்திருந்தே பொழுது போய்விடும்.

1959இற் பெற்றி கொம்டன், அடோல்ஃப் கிறீன் ஆகிய இருவரின் பாட்டுகளுக்கென்றே ஒரு தட்டு வெளியிட்டார். இவர் தொகுப்புகளுள் இதுவே தலையாயது எனலாம். கொம்டனும் கிறீனும் 1930களின் இறுதியில், கிறிணிச் வில்லேஜ் பகுதியில் உள்ள 'வில்லேஜ் வான்கார்ட்' என்னும் நிலவறை விடுதியில், ஜூடி ஹொலிடே முதலியோருடன் சேர்ந்து நையாண்டிப் பாட்டும் நகைச்சுவைக் காட்சியும் நடத்திப் பிழைத்தவர்கள். இளைஞரான லெனர்ட் பேர்ன்ஸ்டைன் சில வேளைகளில் அங்கு வந்து அவர்களுக்குப் பியானோ வாசித்ததுண்டு. அச்சிற்றறை நட்பிலிருந்து பிறந்ததே 1944ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மேடையேறிய 'ஒன் த டவுன்' நாடகம். போர்க் காலத்தில் இருபத்துநான்கு மணி நேர விடுமுறையில் நியூயோர்க்கைக் காண வரும் கடற்படை வீரர் மூவரின் கதை அது. விடுமுறை முடியும் தறுவாயில், சொல்ல எண்ணியதையெல்லாம் சொல்ல நேரமில்லையே என்று வருந்தி அவர்கள் பாடும் 'சம் அதர் டைம்' என்னும் பாட்டு அதில் உண்டு. போருக்குத் திரும்பும் வீரனுக்கு வேறொரு சமயம் வாய்க்குமா என்பதைப் பாட்டு வாய்விட்டுக் கேட்பதில்லை. 1944இல் அரங்கில் இருந்தோருக்கு அதைக் கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1949இல் இந்நாடகம் திரைப்படமானபோது, பேர்ன்ஸ்டைனின் பாட்டுகளிற் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பாளர் நீக்கினர். இதுவும் அவற்றோடு போயிற்று. கோடிக்கணக்கான பணத்தைக் கையில் வைத்திருந்தோர் கைவிட்ட அப்பாட்டைக் காத்தவர்கள் ஜாஸ் கலைஞர்களே. பியானோ மேதை பில் எவன்ஸ் 1958இல் அதன் தொடக்கத்தை வைத்தே தமது 'பீஸ் பீஸ்' என்னும் வாசிப்பை அமைத்தார். மறு ஆண்டில் வெளிவந்த டியரியின் தட்டிலே சொற்களும் உயிர் பெற்றன. கென்னி பரலின் கிற்றாரும், ரே பிரவுனின் பாஸும், எட் திக்பெனின் முரசும் உடன் வந்தன. நிலவறையில் வளர்ந்து பெருமேடை ஏறிய ஆசிரியரின் சொற்கள் மீண்டும் ஒரு சிற்றறையின் அளவுக்கு வந்து சேர்ந்தன.

1960இல் வந்த பிராட்வேப் பாட்டுத் தொகுப்பு வேறு சுவையுடையது. அதன் பெயரிலுள்ள 'சூப்ரெட்' என்னும் சொல், நாடகத்தில் வரும் துடுக்கான குறும்புக்காரப் பெண் பாத்திரத்தைக் குறிக்கும். ரஸ் கார்சியாவின் வாத்தியக் குழு பின்னணி தந்தது. லொரன்ஸ் ஹார்ட் 1943இல் இறப்பதற்குச் சற்று முன் எழுதிய பாட்டொன்று அதில் இடம்பெறுகின்றது. கணவரைப் பிரிந்து துரோகம் செய்ய மனமில்லாத பத்தினி ஒருத்தி, அவர்களை ஒவ்வொருவராகக் கொன்று தீர்த்த வரலாற்றைச் சொல்லும் பாட்டு அது. பெருங்குரலிற் பாடினால் அது வெறும் கேலிக்கூத்து. டியரியின் பச்சைக் குழந்தைக் குரலிலோ, கொலைகள் வீட்டு வேலை போல வரிசையாக நடந்தேறுகின்றன. சிரிப்போடு சிறிது நடுக்கமும் உண்டாகின்றது.

இதன் பின்னர் காலம் மாறிற்று. 1964இற் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்காவில் இறங்கினர். இளைஞர் காசு வேறு பக்கம் சென்றது. அவ்வாண்டு கப்பிட்டல் கம்பனிக்காக ஒரு தட்டுப் பாடியபின், டியரிக்குத் தாயகத்தை விட லண்டன் மாநகரே கூடுதலான ஆதரவு தந்தது. 1966இல் ரொனி ஸ்கொட் விடுதியிற் பாடி, அங்கேயே தட்டும் பதிவு செய்தார். இரவு விடுதிகளில் உணவும் குடியும் அரட்டையும் முதன்மை பெற, பாட்டு பின்னணியாகிவிடுவது உலக வழக்கம். டியரி இதற்கு இணங்கவில்லை. பேச்சொலி எழுந்தாற் பாட்டை நிறுத்தி முறைத்துப் பார்ப்பார், புகைத்தலையும் சகியார். கர்வம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. குரலை உயர்த்தி அரட்டையை வெல்லும் வழி அவருக்கு இல்லை. அப்படி உயர்த்தியிருந்தால் அவர் காக்க வந்த சொற்களே முதலிற் சிதைந்திருக்கும்.

பெரிய கம்பனிகள் இத்தகைய பாட்டிற் பணம் முடக்கத் தயங்கியபோது, 1974இல் 'டஃபோடில்' என்னும் பெயரிற் சொந்தமாக இசைத்தட்டுக் கம்பனி தொடங்கினார். ஐம்பது வயதுப் பெண்மணி, தாமே பாடி, தாமே வாசித்து, தாமே விற்பனையும் பார்த்தார். ஜோனி மேர்சர் தம் இறுதிக் காலத்தில் இவருக்கென்றே எழுதித் தந்த பாட்டின் பெயரைத் தாங்கி, 1976இல் ஒரு தட்டு அக்கம்பனியிலிருந்து வந்தது. 2006ஆம் ஆண்டு வரை, பிராட்வே அரங்குகள் சூழ்ந்த 46ஆம் வீதியில், ஓர் உணவு விடுதியின் சிறு அறையில் அவர் பாடி வந்தார். பெருமேடைகளிற் புதிய நாடகங்கள் வருவதும் போவதுமாயிருக்க, சில வீதிகளுக்கு அப்பால் பழைய நாடகங்களின் பாட்டுகள் அந்த அறையில் ஒலித்தன. 2009ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 7ஆம் நாள், கிறிணிச் வில்லேஜிலிருந்த தமது இல்லத்தில் அம்மையார் காலமானார்.