சாணும் முழமும் எடையான கதை

உவரிக் கரையில் ஒரு சாண் பாறை மீனும் ஒரு முழப் பாறை மீனும் அருகருகே கிடந்தால், சின்னதைப் போல் பெரியது இரண்டு பங்கு என்று எந்த வியாபாரியும் கணக்குப் போடமாட்டார். நீளம்தான் இரண்டு மடங்கு; எடையோ ஏறக்குறைய எட்டு மடங்கு. இடிந்தகரையிலும் கூட்டப்புளியிலும் பார்வையாலேயே எடை சொல்லிப் பழகியவர்களுக்கு இது அன்றாட அறிவு. அதே அறிவு ஒரு சூத்திரமாக எழுதப்படுவதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் பிடித்தன.

முதல் அடியை எடுத்துவைத்தவர் கலிலியோ. வீட்டுக் காவலில் இருந்த முதுமையில் அவர் எழுதிய கடைசி நூல் 1638இல் லைடன் நகரில் அச்சானது. உருவம் மாறாமல் ஒரு பொருள் இரண்டு மடங்கு நீண்டால் அதன் பரப்பு நான்கு மடங்காகும், பருமன் எட்டு மடங்காகும் என்று அதில் விளக்கினார். நிலத்து விலங்கு பெருக்கப் பெருக்க அதன் எலும்பு அளவுக்கு மீறித் தடிக்க வேண்டும். மீனின் பாரத்தையோ தண்ணீர் தாங்கிக்கொள்கிறது என்றும் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் இந்தக் கணக்கை உயிர்களின் வளர்ச்சிக்குப் பொருத்தினார். அதற்குக் ‘கன விதி’ என்று பெயர் நிலைத்தது.

விதி சரிதானா என்று மீனைத் தராசில் வைத்துப் பார்த்தவர், ஸ்காட்லாந்து மீன்வள வாரியத்தின் விஞ்ஞானி வெமிஸ் ஃபுல்டன். 1904இல் வெளியான அவருடைய அறிக்கை, பெரும்பாலான மீன் இனங்களில் எடை கன விதியைச் சற்றே தாண்டி ஏறுவதைக் காட்டியது. அது மட்டுமல்ல: ஒரே இன மீன் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் எடை மாறியது. முட்டையிட்டு முடித்த மீன் இளைத்திருந்தது. மீனின் நீளமும் எடையும் சேர்ந்து அது வாழும் கடலைப் பற்றிப் பேசுகின்றன என்பது அங்கேதான் தெரிந்தது.

இன்றைய வடிவத்தைத் தந்தது 1928இல் ஆய்வாளர் அன்செல் கீஸ் வெளியிட்ட கட்டுரை. எடை என்பது நீளத்தின் ஓர் அடுக்கு, அதை ஒரு மாறா எண்ணால் பெருக்க வேண்டும். அடுக்கு சரியாக 3 என்று முன்கூட்டியே முடிவுகட்டாமல் மீனையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். இரண்டு அளவுகளையும் மடக்கையாக மாற்றி வரைந்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் வந்து விழும். கோட்டின் சாய்வுதான் அந்த அடுக்கு. 10 செ.மீ. நீளத்தில் 10 கிராம் இருக்கும் மீன் 20 செ.மீ. ஆகும்போது, அடுக்கு 3 என்றால் 80 கிராம் இருக்கும். 2.8 என்றால் சுமார் 70 கிராம்தான், 3.2 என்றால் 92 கிராம். இதே கீஸ்தான் 1972இல் மனிதர்களுக்கான உடல் நிறை குறியீட்டுக்கு, அதாவது பி.எம்.ஐ.க்கு, அந்தப் பெயரைச் சூட்டினார். பாளையங்கோட்டை மருத்துவமனையில் நம் உயரத்தையும் எடையையும் குறித்துக்கொள்ளும் முறைக்குப் பெயரிட்டவர், அதற்கு 44 ஆண்டுகள் முன்பு மீன்களை அளந்துகொண்டிருந்தார்.

1951இல் மீன் ஆய்வாளர் லெ கிரென், இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரி மீன்களைக் கொண்டு இன்னொரு படி ஏறினார். அந்த இனத்துக்கு அந்த நீளத்தில் இருக்க வேண்டிய எடை எவ்வளவு, கையில் இருக்கும் மீனின் எடை எவ்வளவு என்று ஒப்பிட்டு, அது கொழுத்ததா மெலிந்ததா என்று சொல்ல வழி பிறந்தது.

நம் கரையில் இந்தக் கணக்குக்கு வீடு கொடுத்தது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கி, மண்டபத்தில் வேரூன்றியது. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த தூத்துக்குடியில் அதற்கு ஆய்வு மையம் உண்டு. 1977 முதல் அந்த ஊரில் மீன்வளக் கல்லூரியும் உண்டு. ஆடும் படகில் தராசு நிற்காது. ஏலம் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு மீனையும் நிறுக்க நேரமும் இராது. அளவுப் பலகையில் நீளத்தைக் குறித்துக்கொண்டால் எடையைச் சூத்திரம் தந்துவிடும். அதிலிருந்துதான் கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது, எவ்வளவு பிடிக்கலாம் என்ற மதிப்பீடு வளர்கிறது. ஆனால் நாடாபோல் நீண்ட வாளைக்கும் தட்டையான காரலுக்கும் ஒரே எண்கள் பொருந்தா. தாமிரபரணி கடல் சேரும் புன்னைக்காயலில் இரை தேடி வளரும் மடவைக்கு வேறொரு கடற்கரையின் எண்களைக் கடன் வாங்குவதும் சரியல்ல. அந்தந்தக் கரையில் அளந்தே ஆக வேண்டும்.

இந்தச் சூத்திரத்தின் பெரும்பயன் குஞ்சு மீன்களைக் காப்பதில் இருக்கிறது. கேரளம் 2015இல் சாளைக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. எனப் பிடிப்பதற்கான குறைந்தபட்ச நீளத்தை விதித்தது. சாண் அளவில் வாரிக்கொண்டுவந்து தீவன ஆலைக்குக் குறைந்த விலையில் தள்ளும் பாறை மீன், முழம் ஆகும்வரை கடலில் இருந்தால் அதன் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். இடையில் பல மீன்கள் வேறு மீனுக்கு இரையாகும். அப்படியும் பிழைப்பவை முட்டையிட்டு அடுத்த தலைமுறையை விட்டுச்செல்லும். சிறு வலைக்கண்ணால் நாம் இழப்பது எவ்வளவு என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் கணக்கு வேறில்லை. உவரி முதல் புன்னைக்காயல் வரை, தராசு வருவதற்கு முன் அளவுகோல் வர வேண்டும். அதை முன்நின்று கொண்டுவரத் தகுதியானவர்கள், பார்வையாலேயே எடை சொல்லத் தெரிந்த அந்தக் கரை மக்கள்தான்.