வேர்களும் கப்பல் பட்டியல்களும்

அலெக்ஸ் ஹேலியின் ‘வேர்கள்’ 1976இல் அமெரிக்காவில் வெளிவந்தது. காம்பியா நதிக்கரையிலுள்ள ஜுஃபூரே என்ற ஊரைச் சேர்ந்த குந்தா கிந்தே என்ற இளைஞன், மத்தளம் செய்ய மரம் தேடிப் போன இடத்தில் பிடிபடுகிறான். 1767இல் ‘லார்டு லிகோனியர்’ என்ற கப்பல் அவனை மேரிலாந்தின் அனாபொலிஸ் துறைமுகத்தில் இறக்குகிறது. அவனை வாங்கிய வர்ஜீனியா முதலாளி அவனுக்கு டோபி என்று பெயரிடுகிறான். குந்தா தன் சொந்தப் பெயரையும், ஊர் ஆற்றின் பெயரையும், சில ஆப்பிரிக்கச் சொற்களையும் மகள் கிஸிக்குச் சொல்லிவைக்கிறான். கிஸி தன் மகன் ஜார்ஜுக்குச் சொல்கிறாள். அப்படியே இறங்கி வந்த கதை, ஏழாம் தலைமுறையில் ஹேலியின் காதுக்கு எட்டுகிறது. டென்னசியின் ஹென்னிங் என்ற சிற்றூரில், பாட்டி சிந்தியாவும் உறவுப் பெண்களும் வீட்டுத் திண்ணையில் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர் ஹேலி.

1977 ஜனவரியில் இந்த நாவல் தொலைக்காட்சித் தொடராகத் தொடர்ந்து எட்டு இரவுகள் ஒளிபரப்பானது. கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் அதைப் பார்த்தார்கள். அதே ஆண்டு புலிட்சர் குழு ஹேலிக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. கறுப்பின மக்கள் பலர் தங்கள் குடும்ப வரலாற்றைத் தேடி ஆவணக் காப்பகங்களுக்குப் போகத் தொடங்கினார்கள்.

வாசகர் கருத்து பிளவுபட்டதும் அப்போதுதான். ஜுஃபூரேயில் ஹேலிக்குக் குலவரலாறு சொன்ன முதியவர் பரம்பரைக் கதைசொல்லி அல்லர் என்று லண்டனின் ‘சண்டே டைம்ஸ்’ 1977இல் எழுதியது. ‘ஆப்பிரிக்கன்’ என்ற தம் நாவலிலிருந்து பகுதிகள் எடுக்கப்பட்டதாக ஹெரால்டு கோர்லாண்டர் வழக்குத் தொடுத்தார். 1978இல் ஹேலி 6,50,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். பின்னர் வம்சாவளி ஆய்வாளர்கள் வர்ஜீனியாவின் வரிப் பதிவேடுகளையும் சொத்துப் பத்திரங்களையும் புரட்டியபோது, டோபி என்ற அடிமை அந்தக் கப்பல் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது தெரிந்தது. உண்மையும் புனைவும் கலந்த நூல் என்றே ஹேலி தம் படைப்பைச் சொல்லிவந்தார். ஆவணத்தோடு பொருந்தாத நினைவுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி, இந்த நாவலைப் பற்றிய எல்லா விவாதங்களிலும் இன்றுவரை தொடர்கிறது.

தமிழில் இது இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஏ.ஜி. எத்திராஜுலு ‘ஏழு தலைமுறைகள்’ என்ற பெயரில் சுருக்கமாகத் தந்தார். முழு நாவலைப் பொன். சின்னத்தம்பி முருகேசன் ‘வேர்கள்’ என்று மொழிபெயர்த்தார். தமிழ் வாசகர் இதை வெறும் அயல்நாட்டுக் கதையாகப் படிக்க முடியாது. வால்பாறைத் தேயிலைத் தோட்டக் கொத்தடிமை வாழ்வைச் சொல்லும் பி.எச். டேனியலின் நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆக வந்து பரவலாகப் படிக்கப்பட்டதும், பாரதியார் ஃபிஜியின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடியதும் இதே மண்ணின் அனுபவங்கள். ஆனால் ‘வேர்கள்’ நாவலுக்கு மிக நெருக்கமான வரலாறு கிடக்கும் இடம் திருவண்ணாமலையும் அதைச் சுற்றியுள்ள பழைய ஆற்காட்டுச் சீமையும்தான்.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்குப் பதிலாக ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். முதலில் மொரிஷியஸுக்கும், பிறகு கரீபியத் தீவுகளுக்கும் இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் இந்தியாவிலிருந்து ஆட்கள் போனார்கள். சென்னையில் புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகக் கப்பலேறியவர்கள். ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் அனுப்புவது 1903இல்தான் தொடங்கியது. இந்த இரண்டு நாடுகளுக்கும் ஆள் கொடுத்த தமிழ் மாவட்டங்களில் வட ஆற்காடு முன்வரிசையில் இருந்தது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர் வட்டங்கள் அந்தப் பழைய மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1989இல்தான் திருவண்ணாமலை தனி மாவட்டமானது.

இது ஏரிப் பாசனத்தை நம்பிய பூமி. பருவமழை பொய்த்தால் ஏரி வற்றும். ஏரி வற்றினால் நிலமில்லாத பண்ணையாளுக்கும் சிறு குடியானவனுக்கும் ஊரில் வேலை இருக்காது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் இங்கே கடுமையாகத் தாக்கியது. சந்தையிலும் சத்திரத்திலும் திருவிழாக் கூட்டத்திலும் ஆள்பிடிக்கும் தரகர்களுக்குப் பசித்த முகங்களை அடையாளம் காண்பது கடினமாக இருக்கவில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதச் சம்பளம், படியளப்பு, மருத்துவம் என்று வாக்குறுதிகள் சொல்லப்பட்டன. தோட்டத்தில் இறங்கிய பிறகு அனுமதிச் சீட்டில்லாமல் வெளியே போனால் சிறை. வேலைக்கு வராத நாளுக்குக் கூலிப் பிடித்தம். 1894இல் முதலாளியிடம் அடிபட்டுப் பல் உடைந்து காந்தியிடம் வந்து நின்ற பாலசுந்தரம் இத்தகைய ஒரு தமிழ்க் கூலிதான். ஒப்பந்தக் கூலியை அடிமை என்று சட்டம் சொல்லவில்லை. ஐந்தாண்டு முடிந்தால் அவனுக்கு விடுதலை உண்டு, அவன் குழந்தை முதலாளியின் சொத்து ஆகாது. இந்த வேறுபாடு பெரியது, அதை மறைக்கக்கூடாது. ஆயினும் அடிமைகள் வாழ்ந்த தோட்டங்களிலும் குடியிருப்புகளிலும்தான் மொரிஷியஸின் முதல் கூலிகள் குடியேற்றப்பட்டார்கள்.

ஹேலியின் கதையும் ஆற்காட்டுக் கூலிகளின் கதையும் நேர் எதிராகத் திரும்பும் இடம் ஆவணம். குந்தா கிந்தேயின் குடும்பத்தில் நினைவு இருந்தது, அதை மெய்ப்பிக்கும் தாள் கிடைக்கவில்லை. நேட்டாலுக்குப் போனவர்களைப் பற்றியோ தாளில் எல்லாம் இருக்கிறது. கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு அல்லது மச்சம். ஆளை அடையாளம் காண்பதற்காகக் குறித்த இந்த விவரங்கள், நூறாண்டு கழித்து ஒரு கொள்ளுப்பாட்டியைப் பற்றிக் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஒரே வர்ணனை ஆகிவிட்டன. இத்தனை துல்லியமான பதிவு இருந்தும், வீட்டுக்குள் கதை இறங்கி வரவில்லை. போனவர்கள் பலர் வறுமையையும் சாதி இழிவையும் கடனையும் விட்டு ஓடியவர்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல அவர்கள் விரும்பவில்லை. மூன்றாம் தலைமுறைக்குள் பல வீடுகளில் தமிழும் பேச்சுமொழியாக இல்லாமல் போயிற்று.

ஆனால் எல்லாமே அழியவில்லை. குடும்பக் கதை மறந்த இடத்தில் பாரதக் கதை நின்றது. வட ஆற்காட்டு, தென் ஆற்காட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் விழா என்பது ஒரு நீண்ட கதை கேட்கும் காலம். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாட்டும் விளக்கமுமாகச் சொல்வார். இரவில் அன்றைய கதை கூத்தாக ஆடப்படும். அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர், மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் கிடக்கும் படுகளம், கடைசியில் தீமிதி. கர்ணனுக்கு நியாயம் கிடைத்ததா, சூதாடிய தர்மன் செய்தது சரியா என்று கேட்டவர்கள் வாதாடுவதும் இந்த விழாவின் ஒரு பகுதி. செய்யாறு வட்டத்தின் புரிசை இன்றும் தெருக்கூத்துக்குப் பேர்பெற்ற ஊர்.

இந்த வழக்கம் கப்பலேறிப் போயிற்று. நேட்டாலில் கூத்து நடந்தது. அங்கே ஆங்கிலத்தில் அதை ‘ஆறடி ஆட்டம்’ என்று அழைத்தார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளி விடுமுறையில் தீ மிதிக்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட ரீயூனியன் தீவில், தமிழ் பேசத் தெரியாத சந்ததியினர் பாரத நாடகத்தைத் தமிழ்ப் பாட்டோடு ஆடிவந்திருக்கிறார்கள். ஃபிஜியிலும் மொரிஷியஸிலும் தீமிதி நடக்கிறது. கிராமத்தின் பெயரை மறந்தவர்கள், அந்தக் கிராமத்துக் கோயிலில் கேட்ட கதையை மறக்கவில்லை. ஹேலியின் குடும்பம் நான்கைந்து சொற்களைக் காத்ததைப் போன்ற காரியம்தான் இதுவும். தனி வீட்டின் சொத்தாக இல்லாமல் ஊரே சேர்ந்து சுமந்ததால் இது இன்னும் உறுதியாக நின்றது என்று கொள்ளலாம்.

நேட்டாலின் கப்பல் பட்டியல்கள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்கள் மூதாதையின் எண்ணோடு தமிழ்நாட்டு ஊர்களைத் தேடுகிறார்கள். தேடலில் தடைகள் பல. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர் மூன்று நான்கு கிராமங்களுக்குப் பொருந்தும். தாலுகா எல்லைகளும் மாவட்ட எல்லைகளும் பலமுறை மாறிவிட்டன. கோவிந்தர், மூட்லி (முதலி), படையாச்சி என்று அங்கே குடும்பப் பெயராக உறைந்தவை இங்கே சாதிப் பட்டங்கள். அவற்றை வைத்து ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க இயலாது. கப்பலேறும் போது சாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. இங்கே தங்கிவிட்ட கிளையில், போனவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இல்லை. எனவே தேடி வருகிறவர்களில் பலருக்கு உறவினர் வீடு கிடைப்பதில்லை. பட்டியலில் உள்ள ஊரும், அதன் ஏரியும், அம்மன் கோயிலும் கிடைக்கின்றன.