போர்ட்டிக்சனில் படகு: எங்கே ஏறுவது, எதைக் கேட்பது?

மம்பாவ், சிரம்பான் வட்டாரக் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறையில் பக்கத்துக் கடல் போர்ட்டிக்சன்தான். படகு எடுக்குமுன் யார் வருகிறார்கள் என்று பார்த்து இடத்தைத் தேர்வது நல்லது.

தெலுக் கெமாங்: வாழைப்பழப் படகு போன்ற விளையாட்டுகள் இங்குண்டு. அலையில் கவிழும் என்பதால் இளைஞர்களுக்கே ஏற்றது.

தஞ்சோங் துவான்: பழைய கலங்கரை விளக்கம் நிற்கும் முனை. இது மலாக்கா மாநிலத்துக்கு உட்பட்டது. அதைக் கடலிலிருந்து பார்க்க, கூரையுள்ள படகும் அமைதியான காலை வேளையும் தேவை.

லிங்கி ஆறு: அலை குறைவு, முதியவர்களுக்கு வசதி. ஆனால் முதலைகள் உள்ள ஆறு. கையைத் தண்ணீரில் விடக்கூடாது.

எங்கு ஏறினாலும், விலை பேசுமுன் மூன்றைக் கேளுங்கள்:

1. படகுக்கு உரிமம் உண்டா? அதில் எத்தனை பேர் ஏறலாம்?

2. பிள்ளைகளின் அளவில் பாதுகாப்பு அங்கி உண்டா? வாரைக் கட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது பெரிது. தண்ணீரில் விழுந்தால் கழன்றுவிடும்.

3. வானிலை எப்படி? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மே முதல் செப்டம்பர் வரை, சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயற்காற்று வரும், பெரும்பாலும் அதிகாலையில். மேற்கே கருமேகம் திரண்டால் ஏறாதீர்கள்.

அவசர எண் 999. அங்கி இல்லையென்றால், முன்பணம் போனாலும் திரும்பிவிடுங்கள்.