வெயிலில் நிறுத்தப்பட்டோர்: வரி வசூலும் ளுல்மும்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பியபோது கூறிய அறிவுரை புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அநீதியிழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்கும் அல்லாஹ்வுக்குமிடையே திரையேதும் இல்லை, எனவே அதை அஞ்சிக்கொள்ள வேண்டும் என்பது அவ்வறிவுரையின் இறுதிப் பகுதி. நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் செய்திதான் இது. ஆயினும் அது யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்பதை நாம் கவனிப்பதில்லை. ஜகாத் வசூலிக்கச் செல்லும் ஓர் அதிகாரிக்குச் சொல்லப்பட்டது அது. மக்களின் பொருள்களில் மிகச் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்து வாங்கிவிடாதீர் என்ற எச்சரிக்கையை அடுத்தே மள்லூமின் துஆ பற்றிய எச்சரிக்கை வருகிறது. கடமையாக்கப்பட்ட வரியை, உரிமையுள்ள அதிகாரி வசூலிக்கும்போதும் அங்கே ளுல்ம் நுழைந்துவிட முடியும் என்பதே இதன் உட்பொருள்.

ளுல்ம் என்பதற்கு அரபு மொழியறிஞர்கள் தரும் விளக்கம், ஒன்றை அதற்குரியதல்லாத இடத்தில் வைத்தல் என்பதாகும். இந்த விளக்கத்தை மனத்திற்கொண்டு, நம் சென்னைக்கு மேற்கே உள்ள பூந்தமல்லிச் சீமையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பூந்தமல்லிப் பள்ளிவாசலை 1653ஆம் ஆண்டில் மீர் ஜும்லாவின் பணியாளரான ருஸ்தம் என்பவர் கட்டியதாக அங்குள்ள பாரசீகக் கல்வெட்டு கூறுகிறது. அப்போது இப்பகுதி கோல்கொண்டா குதுப் ஷாஹி சுல்தான்களின் ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சியில் வரி வசூலிக்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. கூடுதல் தொகைக்கு எடுத்தவர், தாம் கட்டியதையும் அதற்குமேல் இலாபத்தையும் குடியானவரிடமே பெற்றாக வேண்டும். பின்னர் ஆற்காட்டு நவாபுகளின் காலத்திலும் குத்தகை முறையே நீடித்தது. நவாப் முஹம்மது அலி வாலாஜா 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த செங்கல்பட்டுச் சீமையை, 1780 வரை அவரே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்.

வரி வசூலைக் குத்தகைக்கு விடுவதால் விளையும் கேட்டை, இதற்கு ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) கண்டறிந்து கூறியிருந்தார்கள். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக அவர்கள் எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் அம்முறையைக் கைவிடுமாறு வலியுறுத்துகிறார்கள். குத்தகைதாரர் தமது இலாபத்துக்காகக் குடிகளைக் கசக்கிப் பிழிவார், நிலம் பாழாகும் என்பது அவர்கள் காட்டும் காரணம். வரிக்காக எவரையும் அடிப்பதையும் வெயிலில் நிறுத்துவதையும் அவர்கள் தடுக்கிறார்கள். முஸ்லிம் மன்னர்கள் ஆண்டார்கள் என்பதனால் அவர்கள் செய்ததெல்லாம் ஷரீஅத் ஆகிவிடாது என்பதற்கு, ஹனஃபி மத்ஹபின் இம்மாபெரும் சட்டமேதையே சாட்சி.

கம்பெனி ஆட்சி வந்தது. 1801இல் கர்நாடகம் முழுவதும் அதன் கைக்குப் போயிற்று. குத்தகைதாரர் இடத்தில் தாசில்தாரும் அவருடைய சேவகர்களும் வந்தனர். கணக்குகள் ஒழுங்காயின. ஆனால் குடியானவரின் முதுகு தப்பவில்லை.

கஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1852இல் நிறுவிய சென்னை சுதேசிகள் சங்கம், மாகாணக் குடிகளின் துயரத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு எடுத்துச் சென்றது. பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் 1853இல் சென்னை மாகாணத்துக்கு நேரில் வந்து நிலைமையைக் கண்டார். வரி வசூலுக்காகக் குடிகள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் எழுந்தது. அதன் விளைவாக எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் அமைக்கப்பட்டது. குறுகிய காலத்திற்குள் அதன்முன் வந்து குவிந்த முறையீடுகள் 1,959. நெடுந்தொலைவு நடந்தே வந்து முறையிட்டவர்களும் அவர்களில் இருந்தனர்.

1855 ஏப்ரலில் வெளியான அக்குழுவின் அறிக்கை, வரி கட்டாதவர்மீது நடத்தப்பட்ட கொடுமைகளைப் பட்டியலிடுகிறது. விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி. உடலை வளைத்துக் கயிற்றால் கட்டிப்போடும் அண்ணாந்தாள். உண்ணவும் இயற்கைக் கடன் கழிக்கவும் விடாமல் தடுத்தல். மாடுகளை மேய்ச்சலுக்கு விடாமல் அடைத்து வைத்தல். இவற்றோடு, ஆளைக் கடும் வெயிலில் நிறுத்தி வைத்தல் என்பதும் அப்பட்டியலில் இருக்கிறது.

ஹதீஸ் பயின்றவர் எவரும் இவ்விடத்தில் நின்றுவிடுவார். ஸஹீஹ் முஸ்லிமில் ஹிஷாம் பின் ஹகீம் (ரலி) அவர்களைப் பற்றிய ஓர் அறிவிப்பு உண்டு. ஷாம் நாட்டில் உழவர் சிலர் வெயிலில் நிறுத்தப்பட்டு, தலையில் எண்ணெய் ஊற்றப்பட்டிருப்பதை அவர்கள் கண்டார்கள். காரணம் கேட்டபோது, வரிக்காக வதைக்கப்படுகிறார்கள் என்று பதில் வந்தது. இவ்வுலகில் மனிதரை வதைப்போரை அல்லாஹ் வதைப்பான் எனத் தாம் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதாக ஹிஷாம் (ரலி) அங்கேயே சாட்சி கூறினார்கள். பிறகு அப்பகுதியின் அமீரான உமைர் பின் ஸஅத் (ரலி) அவர்களிடம் நேரே சென்று அதை எடுத்துரைத்தார்கள். அமீர் உடனே ஆணையிட, அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

வதைக்கப்பட்ட அவ்வுழவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆயினும் அவர்களுக்காகப் பேசியவர் ஒரு நபித்தோழர். ஆணையிட்டவர் தம் ஊழியர்களைக் காரணம் காட்டவில்லை, தமக்குத் தெரியாது என்றும் சொல்லவில்லை.

சென்னைக் குழுவின் அறிக்கையோ இவ்விடத்தில் வேறு வழியில் சென்றது. கொடுமை நடந்தது உண்மை என்று அது துணிந்து ஒப்புக்கொண்டது. வரி வசூலும் காவல் அதிகாரமும் ஒரே கையில் இருப்பதால், அடித்தவனிடமே முறையிட வேண்டிய நிலை குடிகளுக்கு ஏற்பட்டிருப்பதையும் எடுத்துக்காட்டியது. பின்னர் 1859இல் வந்த காவல் சட்டத்துக்கு அது வழிகோலிற்று. இவை பாராட்டத்தக்கவை. ஆனால் பழியைச் சுதேசி ஊழியர்கள்மீது சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளை அது விடுவித்துவிட்டது. வசூலான பணம் யாருடைய கருவூலத்துக்குச் சென்றது என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்கு அவர்களுடைய ஆளுநர் அதீ பின் அர்தாத் கடிதம் எழுதி, வதைத்தாலன்றி வரி செலுத்தாதவர்களை வதைக்க அனுமதி கோரிய செய்தியைக் கிதாபுல் கராஜில் காணலாம். அம்மக்களை வதைத்த குற்றத்தோடு தாம் அல்லாஹ்வைச் சந்திப்பதைவிட, அவர்கள் தங்கள் குற்றத்தோடு அவனைச் சந்திப்பதே தமக்கு விருப்பமானது என்பது கலீஃபாவின் பதில். கருவூலம் குறைந்தாலும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அவர்கள் ஒப்பவில்லை. மேலிருப்பவர் கைகழுவிக்கொள்ள இஸ்லாத்தில் இடமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

குடிகளுக்காகக் குரல் எழுப்பிய லட்சுமிநரசு செட்டியார் ஓர் இந்து. நபித்துவத்துக்கு முன் மக்காவில், யமன் நாட்டு வணிகர் ஒருவர் ஏமாற்றப்பட்டபோது, அநீதியிழைக்கப்பட்டவர் எவராயினும் துணைநிற்போம் என்று சான்றோர் செய்த 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கையில் நபி (ஸல்) அவர்கள் பங்கேற்றார்கள். அத்தகைய ஒன்றுக்கு இஸ்லாத்தில் அழைக்கப்பட்டாலும் ஏற்பேன் என்றும் பின்னர் கூறினார்கள். அந்த நோக்கில் செட்டியாரின் பணி நாம் நன்றியுடன் நினைக்கத்தக்கது.

இன்று பூந்தமல்லியில் தாசில்தாரின் சேவகன் கிட்டி பூட்டுவதில்லை. ஆனால் பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் தொழிற்கூடங்களும் பட்டறைகளும் கட்டுமானப் பணிகளும் பெருகியுள்ளன. நம்மவரில் பலர் அங்கே கூலி கொடுக்கும் இடத்தில் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் கூலியை நிறுத்தி வைத்தால், அது அவருடைய கணக்கு, எனக்குத் தெரியாது என்று முதலாளி சொல்வது, 1855இன் அறிக்கை சொன்ன அதே சமாதானம். சகோதரிக்குரிய வாரிசுப் பங்கைப் பல்லாண்டு இழுத்தடிப்பவரும் இதே தட்டில்தான் நிற்கிறார்.

அடியார்களுக்கிடையேயான உரிமைகளில், பாதிக்கப்பட்டவருக்குத் திருப்பிக் கொடுப்பதோ அவர் மன்னிப்பதோ இன்றித் தவ்பா நிறைவுறாது என்பது உலமாக்களின் தீர்ப்பு. தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டுவந்தும், பிறரை ஏசியதாலும் அடித்ததாலும் அவர்தம் பொருளை உண்டதாலும் தம் நன்மைகளையெல்லாம் இழந்து நிற்பவரையே நபி (ஸல்) அவர்கள் தம் உம்மத்தின் ஏழை என அடையாளம் காட்டினார்கள். நம்மிடம் கூலியோ பங்கோ வரவேண்டியவர்கள் யார் என்று ஒரு பட்டியல் எழுதிப் பார்ப்பது, அந்த ஏழ்மையிலிருந்து தப்ப நாம் எடுத்துவைக்கும் முதல் அடியாக அமையட்டும்.