இடம் ஓர் ஆட்டத்தில், வழி மற்றோர் ஆட்டத்தில்
கேரமும் மூன்று குஷன் பில்லியர்ட்ஸும்: ஓர் ஒப்பாய்வு

வந்தவாசியில் கோரைப்பாய்க் கட்டுகளை லாரியில் ஏற்றி முடிக்கும் அந்தி நேரத்தில், ஏதாவதொரு தெருமுனையில் கேரம் பலகைக்கு மேலே பல்பு எரியத் தொடங்கும். ஆடுபவர் நான்கு பேர் என்றால் பார்ப்பவர் பத்துப் பேர். பலகையில் நாலைந்து காய்களே மிஞ்சி, அவையும் ஏடாகூடமாகக் கிடக்கும்போது சுற்றி நிற்பவர்களின் பேச்சு அடங்கிவிடும். ஆடுபவர் ஸ்ட்ரைக்கரைக் கோட்டின் மேல் இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே இருப்பார். அந்த நகர்த்தல்தான் அவருடைய யோசனை.

பெல்ஜியத்திலும் தென்கொரியாவிலும் வியட்நாமிலும் இதே யோசனையை மேஜையைச் சுற்றி நடந்தபடி செய்கிறார்கள். அங்கே ஆடுவது மூன்று குஷன் பில்லியர்ட்ஸ். அந்த ஆட்ட வகைக்கே ‘கேரம் பில்லியர்ட்ஸ்’ என்றுதான் பெயர். பெயர் ஒன்றாக இருந்தாலும், சிக்கலான நிலையில் எந்த அடியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இரண்டு ஆட்டங்களும் வெவ்வேறு பதில் தருகின்றன. ஏன் என்று பார்ப்பதே இந்த ஒப்பாய்வு.

இரண்டு களங்கள்

கேரம் நமக்குப் புதிதல்ல. ஆடுபரப்பு 74 செ.மீ. சதுரம், நான்கு மூலையிலும் பாக்கெட், வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. உலகப் பட்டத்தை இரண்டு முறை வென்ற மரிய இருதயம் 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்சில் உலக சாம்பியன் ஆனார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னையின் காசிமா மூன்று தங்கம் வென்று திரும்பினார்.

மூன்று குஷன் மேஜையில் பாக்கெட்டே கிடையாது. நீளம் 2.84 மீட்டர், அகலம் 1.42 மீட்டர். துணி ஈரம் கோக்காமல் பந்து ஓட்டமாக ஓடவேண்டும் என்பதற்காக மேஜையின் அடிக்கல்லைச் சூடாக்கி வைக்கிறார்கள். பந்துகள் மூன்றே மூன்று: வெள்ளை, மஞ்சள், சிவப்பு. வெள்ளை ஒருவருக்கு, மஞ்சள் எதிராளிக்கு, சிவப்பு பொது. என் பந்து மற்ற இரண்டையும் தொடவேண்டும். இரண்டாவதைத் தொடுவதற்குள் குறைந்தது மூன்று முறை குஷனில், அதாவது மேஜையின் ரப்பர் விளிம்பில், மோதியிருக்க வேண்டும். தொட்டால் ஒரு புள்ளி, கூடவே அடுத்த அடியும். இந்தியாவின் பில்லியர்ட்ஸ் பாக்கெட் வைத்த மேஜையில் வளர்ந்தது. ஸ்னூக்கரின் விதிகளே ஊட்டி கிளப்பில்தான் எழுத்துக்கு வந்தன. அதனால் பாக்கெட் இல்லாத மேஜை நம் கண்ணுக்குக் கொஞ்சம் அந்நியமாகவே தெரியும்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

முதல் வேறுபாடு, ஆடுபவருக்கு எது கிடைத்திருக்கிறது என்பது. கேரமில் ஒவ்வொரு அடிக்கும் ஸ்ட்ரைக்கர் கைக்குத் திரும்பி வருகிறது. கோட்டில் எங்கே வைப்பது என்பது என் விருப்பம். காய் நகராது, நான் நகர்வேன். ஆகவே கடினமான காய் என்றால், எந்த இடத்திலிருந்தும் கோணம் கிடைக்காத காய். சட்டத்தை ஒட்டிக் கிடப்பது, மற்றொன்றின் நிழலில் கிடப்பது, கைக்குப் பின்னால் கிடப்பது எல்லாம் அந்த வகை.

மூன்று குஷனில் என் பந்து நின்ற இடத்திலிருந்துதான் ஆடியாகவேண்டும். ஒரு விரல் அகலம்கூட நகர்த்தமுடியாது. அதற்கு ஈடாக வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது: எந்தப் பந்தை முதலில் தொடுவது, எவ்வளவு தடிமனாகத் தொடுவது, எந்தப் பக்கம் சுழற்சி கொடுப்பது, எவ்வளவு வேகம். தறி தெரிந்தவர் சட்டென்று பிடித்துக்கொள்வார். பாவு ஏற்கெனவே ஓட்டியாகிவிட்டது, நாடா போகும் வழி மட்டும் நம் கையில்.

கேரம் ஸ்ட்ரைக்கர் வழுக்கிப் போகும் வட்டு. அதன் பாதை பெரும்பாலும் நேர்கோடு. பில்லியர்ட்ஸ் பந்தோ சுழற்சியைச் சுமந்துகொண்டு போகிறது. ஒவ்வொரு குஷனிலும் அந்தச் சுழற்சி கோணத்தை மாற்றுகிறது. அதனால்தான் அங்கே கணக்குப் போடுகிறார்கள். குஷன் மரத்தில் சம தூரத்தில் புள்ளிகள் பதித்திருக்கும். அந்தப் புள்ளிகளுக்கு எண் கொடுக்கும் பெயர்பெற்ற ஒரு முறைப்படி, புறப்படும் இடத்தின் எண்ணிலிருந்து மூன்றாம் குஷனில் சேரவேண்டிய எண்ணைக் கழித்தால், முதல் குஷனில் குறிவைக்க வேண்டிய எண் வந்துவிடும். 50இலிருந்து புறப்பட்டு 20இல் சேரவேண்டுமா, 30ஐ நோக்கி அடி. கணக்கு பாதையைச் சொல்லும். அந்தப் பாதையில் போவது புத்திசாலித்தனமா என்று சொல்லாது.

சேமிப்பு உண்டா?

இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. கேரமில் காய்கள் குறைந்துகொண்டே வரும். எளிதான காயை இப்போது போடாமல் விட்டால் பெரும்பாலும் அது அங்கேயே காத்திருக்கும். பாக்கெட் வாயில் நிற்கும் என் வெள்ளை, வங்கியில் போட்ட பணம் மாதிரி. அதுமட்டுமல்ல, அந்தப் பாக்கெட்டுக்கு எதிராளி வரமுடியாதபடி போட்ட கதவும் அதுவே.

மூன்று குஷனில் எதுவும் குறையாது, எதையும் சேமிக்கவும் முடியாது. மூலையருகே நிற்கும் சிவப்பை அங்கே ‘பெரிய பந்து’ என்பார்கள். நேராக வந்து தொடலாம், சற்றுத் தவறினாலும் குஷனில் பட்டுத் திரும்பும்போது தொடலாம். ஆனால் இந்த அடியில் அதைப் பயன்படுத்தாவிட்டால், அடுத்து அதைப் பயன்படுத்தப்போவது எதிராளி.

தவறினால் என்ன விலை?

ஒரு கேரம் நிலை. நான் வெள்ளை, இரண்டு வெள்ளை மிச்சம். ஒன்று வலது மேல் பாக்கெட்டின் வாயில். மற்றொன்று இடது சட்டத்தை ஒட்டி. எதிராளிக்கு இரண்டு கறுப்பு. ஒன்று என் வாய்க்காய்க்குப் பின்னால் அதே பாக்கெட்டுக்கு நேராக, மற்றொன்று திறந்த வெளியில் இடது கீழ் பாக்கெட்டைப் பார்த்தபடி. சிவப்பை அவர் போட்டு, ஃபாலோவாகத் தன் காய் ஒன்றையும் போட்டு அதை உறுதிசெய்துவிட்டார்.

அவசரக்காரர் வாயில் நிற்பதை முதலில் போடுவார். அது நிச்சயம். பிறகு சட்டக்காய் தவறினால் எதிராளியின் இரண்டு கறுப்புக்கும் வழி திறந்துவிடும். மிஞ்சிய என் ஒரு காய்க்கு ஒன்று, சிவப்புக்கு மூன்று என நான்கு புள்ளி அவருக்குப் போய்விடும். நிதானக்காரர் சட்டக்காயை முதலில் முயல்வார். தவறினாலும் கதவு சாத்தியிருக்கும்; கறுப்பை நேராக அங்கே போட நினைத்தால் எதிராளி முதலில் என் வெள்ளையைத்தான் தள்ளவேண்டும், என் வேலையை அவரே செய்து தருவார். முழுக்கத் தோற்றால் ஐந்து புள்ளி போகும். ஒரு புள்ளி கூடுதல், ஆனால் அப்படித் தோற்கும் வாய்ப்பு குறைவு. மூன்றாவது வழியும் உண்டு: சட்டக்காயைப் போட முயலாமல், தட்டிக் கொண்டுபோய் இடது கீழ் பாக்கெட்டின் வாயில் நிறுத்துவது. இரண்டு கதவும் சாத்தியாயிற்று. சட்டக்காய் விழும் வாய்ப்பு பாதிக்கும் கீழே என்றால், என் தேர்வு இந்த மூன்றாவதுதான்.

மூன்று குஷனில் ஒரு நிலை. என்முன் இரண்டு வழி. மஞ்சளை முதலில் தொட்டுச் சுற்றிவந்தால் சிவப்பு பெரிய பந்து. அடி பலிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். ஆனால் தவறினால் எதிராளிக்கு நல்ல நிலை. அவர் நூற்றுக்கு 70 முறை அடிப்பார். சிவப்பை மெலிதாகத் தொட்டுப் போகும் இரண்டாவது வழி நூற்றுக்கு 35தான். ஆனால் தவறினாலும் எதிராளிக்கு 40தான் கிடைக்கும்.

மேஜைக்கு வரும் ஒவ்வொரு முறைக்கும் சராசரி ஒரு புள்ளி எடுப்பவர், கணக்குப்படி பாதி அடிகளில் வெற்றி பெறுபவர். இரண்டு எடுப்பவருக்கு மூன்றில் இரண்டு. சராசரி ஒன்று எடுப்பவருக்கு ஓர் அடி பலித்தால் அந்தப் புள்ளியும், அதற்குப் பின் வரக்கூடிய இன்னொன்றுமாக மதிப்பு இரண்டு. இருவரும் இதே தரம் என்று கொண்டால், முதல் வழியின் வரவு 0.5 × 2 = 1; செலவு 0.5 × 0.7 × 2 = 0.7, மிச்சம் 0.3. இரண்டாவது வழியின் வரவு 0.7, செலவு 0.65 × 0.4 × 2 = 0.52, மிச்சம் 0.18. எதிராளிக்கு நல்ல நிலை விட்டுவைக்கும் அபாயம் இருந்தும், பலிக்கக்கூடிய வழியே மேல்.

ஆகவே இரண்டு ஆட்டங்களின் பதில் வேறுபடுவதற்குக் காரணம் தவறின் விலையில் இருக்கிறது. 40, 50 புள்ளிக்கு ஆடும் மூன்று குஷனில் ஒரு தவறுக்கு எதிராளி எடுப்பது சராசரியாக ஒன்றோ இரண்டோதான். 25 புள்ளி கேரமில், ஆரம்பத்தில் செய்த ஒரு தவறுக்கு எதிராளி ஒன்பது காயையும் சிவப்பையும் வாரிக்கொண்டு ஒரே போர்டில், அதாவது ஒரே சுற்றில், 12 புள்ளி எடுத்துப் போகலாம். கேரமில் தற்காப்பே தனியாக ஓர் அடி. மூன்று குஷனில் தற்காப்பு, பலிக்கக்கூடிய அடிக்குள் அடங்கிய ஒரு துணைக்கணக்கு. அங்கே அந்தத் துணைக்கணக்கையும் வேகத்தால் போடுகிறார்கள். எதிராளியின் பந்தே என் இலக்குகளில் ஒன்று என்பதால், அது எங்கே போய் நிற்கும் என்பதை நானே தீர்மானிக்கிறேன்.

மறைந்திருக்கும் அபாயம்

கேரமில் காய் விழுந்த பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் பாக்கெட்டுக்குள் போய்விட்டால் ஃபைன். மெதுவாகப் போட்டால் விழாமல் நிற்கும் காய், வேகமாகப் போட்டால் ஸ்ட்ரைக்கரையும் கூட்டிக்கொண்டு போகும். மூன்று குஷனில் இதற்கு நிகரானது ‘கிஸ்’. முதலில் தொட்ட பந்து சுற்றிவந்து என் பந்தின் குறுக்கே வந்து மோதும். பாதை சரி, கணக்கு சரி, நேரம் தப்பு. ஆகவே வழி தேர்ந்தெடுத்த பின்னும், தடிமனையும் வேகத்தையும் மாற்றி இரண்டு பந்தும் சந்திக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேரம் ஆடுபவர் காய் போகும் பாதையோடு ஸ்ட்ரைக்கர் திரும்பும் பாதையையும் பார்க்கவேண்டும்; மூன்று குஷன் ஆடுபவர் மூன்று பந்தின் பாதையையும் காலத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். யோசிக்கக் கிடைக்கும் நேரமும் அதற்கேற்பதான்: கேரம் விதிப்படி 15 விநாடி, மூன்று குஷன் பெரிய போட்டிகளில் 40 விநாடி அளவில்.

தீர்ப்பு

இரண்டிலும் கேள்விகள் மூன்றுதான்: பலிக்குமா, பலித்தால் எனக்கு என்ன, பலிக்காவிட்டால் அவருக்கு என்ன. மூன்று குஷனில் முதல் கேள்விக்கு எடை அதிகம். கேரமில், அதுவும் போர்டு முடியும் தறுவாயில், மூன்றாவது கேள்வியே மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். கேரம் பழகியவர் மூன்று குஷன் மேஜைக்குப் போனால் சேமிக்கமுடியாததைச் சேமிக்கப் பார்ப்பார். அங்கிருந்து இங்கே வருபவர் முதல் அடியிலேயே வாயில் நிற்கும் காயைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுவார்.

பல்பின் கீழே ஸ்ட்ரைக்கர் இன்னும் கோட்டின் மேல் நகர்ந்துகொண்டிருக்கிறது. வாய்க்காய்க்கு நேராக ஒரு கணம் நிற்கிறது. பிறகு அதைக் கடந்து, சட்டக்காயின் பக்கம் போகிறது.