மனித விருப்பத்திற்குச் சான்று பகர்ந்தவர்

ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில், இறைமகன் மனிதரானார் என்று அறிக்கையிடுகிறோம். அச்சிறு சொல்லின் முழுப் பொருளைக் காக்க ஒரு முதிய துறவி தம் நாவையும் வலக்கையையும் இழந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

‘யார்’ என்னும் வினாவுக்கு விடை ஆள். ‘என்ன’ என்னும் வினாவுக்கு விடை இயல்பு. கிறிஸ்து ஓர் ஆள். அவரில் இறை இயல்பும் மனித இயல்பும் கலவாமலும் பிரியாமலும் உள்ளன என 451-இல் கல்செதோன் பொதுச்சங்கம் வரையறுத்தது. எகிப்திலும் சிரியாவிலும் பலர் இதனை ஏற்கவில்லை. பிளவுண்ட மக்களை ஒன்றுசேர்க்க விழைந்த பேரரசர் ஹெராக்கிளியுஸ், கிறிஸ்துவில் ஒரே விருப்பமே உண்டு என 638-இல் ஆணையிட்டார். நோக்கம் ஒற்றுமையே. ஆயினும், விரும்பும் ஆற்றலற்ற மனித இயல்பு முழுமையான மனித இயல்பாகுமா?

இவ்வினாவை விடாது எழுப்பியவர் துறவி மாக்சிமுஸ். 648-இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்தான்ஸ் இவ்விவாதத்தையே தடைசெய்தார். மறு ஆண்டே திருத்தந்தை முதலாம் மார்ட்டின் உரோமையின் இலாத்தரனில் சங்கம் கூட்டி, ஒரே விருப்பக் கொள்கையைக் கண்டித்தார். 653-இல் கைதான அவர், 655-இல் கருங்கடற்கரைக் கெர்சோனில் நாடுகடத்தப்பட்டவராகவே உயிர்நீத்தார். எண்பது வயது கடந்த மாக்சிமுசின் நாவும் வலக்கையும் 662-இல் துண்டிக்கப்பட்டன. இன்றைய ஜார்ஜியாவுக்கு நாடுகடத்தப்பட்ட அவர், அவ்வாண்டே மறைந்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப்பின், 681-இல் நிறைவுற்ற மூன்றாம் கொன்ஸ்தாந்திநோப்பிள் பொதுச்சங்கம் அவர் காத்த போதனையையே உறுதி செய்தது: கிறிஸ்துவில் விருப்பங்கள் இரண்டு, மனித விருப்பம் இறைவிருப்பத்தை எதிர்க்காமல் அதற்குப் பணிகிறது.

மாக்சிமுஸ் மீண்டும் மீண்டும் சுட்டிய இடம் கெத்சமனி. அங்கே ஆண்டவர் துன்பக் கிண்ணத்தைக் கண்டு கலங்கினார். அக்கலக்கம் நடிப்பன்று, பாவமுமன்று. உயிரை நாடுவது மனித இயல்பு. அதே மனித விருப்பத்தால் அவர் தந்தைக்கு ‘ஆம்’ என்றார். நம் மீட்பில் மனித உள்ளத்தின் உண்மையான கீழ்ப்படிதலும் அடங்கியுள்ளது. நம் விருப்பத்தை அவர் ஏற்கவில்லையெனில், அது குணமடைந்தது எங்ஙனம்?

தவறியபோதெல்லாம் ‘நாமும் மனிதர்தாமே’ என்று சாக்குச் சொல்லப் பழகிவிட்டோம். மனித இயல்பு பாவத்தின் மறுபெயரன்று. அஞ்சியும் கலங்கியும் இறைவனுக்கு இசையும்போதே நாம் முழு மனிதராகிறோம். நாவிழந்த அத்துறவியின் வாழ்வு நமக்கு இன்றும் உரைப்பது இதுவே.